நெடுந்தூரப் பயணத்துக்கு டயர் வாங்குவோர் கவனத்துக்கு

மே மாதம் 5-ஆம் நாள் வணிகர் தினம். கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு மாநாட்டுக்குக் கிளம்பும் நாள். பெரியவர்கள் வேனிலும் பஸ்ஸிலும் வந்து சேர, இளைஞர்கள் பலர் மோட்டார் சைக்கிளிலேயே புறப்பட்டு விடுகிறார்கள். மாநாடு முடிந்த கையோடு கன்னியாகுமரி, கொல்லிமலை, வால்பாறை என்று இரண்டு மூன்று நாள் சுற்றிவிட்டு ஊர் திரும்புவோரும் உண்டு. வருடம் முழுவதும் கல்லாவிலும் தராசிலும் நிற்கிறவர்கள் நாலு இடம் பார்த்து வருவது நல்லதுதான். அதை யாரும் தடுக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். நம் வண்டிகள் நாள்தோறும் ஓடுவது எவ்வளவு? வீட்டிலிருந்து கடை, கடையிலிருந்து மார்க்கெட், மாலையில் வசூல். கூட்டிப் பார்த்தால் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். அந்த ஓட்டத்துக்கு எந்த டயரும் ஈடு கொடுத்துவிடும். அதே டயரைக் கொண்டு, பின்னால் ஓர் ஆளை ஏற்றி, பையையும் கட்டிக்கொண்டு, அக்கினி நட்சத்திர வெயிலில் ஒரே நாளில் 400 கிலோமீட்டர் போவது என்பது வேறு கணக்கு. கார் டயர் வெடித்தால் மீதி மூன்று சக்கரம் தாங்கும். நமக்கு இருப்பதோ இரண்டே சக்கரம். ஆகவே பயணத்துக்கு முன் டயர் மாற்ற நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்று சில செய்திகளை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கிற நாம்

நம் கடைக்கு ஒரு பெட்டி பிஸ்கட் வந்து இறங்கினால் முதலில் என்ன செய்கிறோம்? பாக்கெட்டைத் திருப்பித் தயாரித்த தேதி பார்க்கிறோம். எடை பார்க்கிறோம். விலை பார்க்கிறோம். தேதி பழையதாக இருந்தால் லைனுக்கு வந்த பையனிடமே திருப்பிக் கொடுத்து விடுகிறோம். இதில் நம்மை யாரும் ஏமாற்ற முடியாது.

இவ்வளவு கெட்டிக்காரராகிய நாம் டயர் கடைக்குப் போனால் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று. "எது விலை குறைவு?" கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை மாட்டிக்கொண்டு வந்து விடுகிறோம். பாக்கெட்டில் எப்படி எல்லா விவரமும் அச்சிட்டிருக்கிறதோ, அப்படியே டயரின் பக்கவாட்டிலும் எல்லா விவரமும் இருக்கிறது. அளவு, தாங்கும் எடை, தாங்கும் வேகம், தயாரித்த வாரம், ஓட வேண்டிய திசை என ஒன்றும் விடுபடவில்லை. கறுப்பில் கறுப்பாக இருப்பதால் நம் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். ஈரத் துணியால் துடைத்துவிட்டு, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் நன்றாகத் தெரியும்.

அளவு

நம்மில் பலர் வைத்திருக்கும் 100 சி.சி. வண்டிகளில் 80/100-18 என்ற அளவு பரவலாகக் காணப்படும். இதில் 80 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 100 என்பது அந்த அகலத்தில் உயரம் எத்தனை சதவீதம் என்பது. இங்கே அகலமும் உயரமும் சமம். 18 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். பழைய வண்டிகளில் 2.75-18 என்று அங்குலக் கணக்கில் இருக்கும்.

வண்டியோடு வந்த கையேட்டில் என்ன அளவு போட்டிருக்கிறதோ அதையே வாங்க வேண்டும். "ஒரு சைஸ் பெரிசாப் போட்டா கிரிப் நல்லா இருக்கும்" என்று சொல்வோர் உண்டு. அகலமான டயரைக் குறுகிய ரிம்மில் திணித்தால் டயரின் உருவம் மாறிவிடும். வளைவில் சாயும்போது தரையில் பட வேண்டிய பகுதி படாது. செயினிலோ மட்கார்டிலோ உரசவும் செய்யலாம். மைலேஜ் குறைவது தனி. அழகுக்காகப் பெரிய டயர் போட்டுக்கொண்டு நெடுந்தூரம் போவது தேவையில்லாத வேலை.

சுமை எண்ணும் வேக எழுத்தும்

அளவுக்குப் பக்கத்திலேயே ஓர் எண்ணும் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். மூட்டை தூக்கும் நமக்கு மிக முக்கியமானது இந்த எண்தான். இது கிலோ அல்ல, ஒரு குறியீடு. 47 என்றால் அந்த டயர் தாங்கும் எடை 175 கிலோ. 50 என்றால் 190 கிலோ. 54 என்றால் 212 கிலோ. 57 என்றால் 230 கிலோ. 62 என்றால் 265 கிலோ. எழுத்து வேகத்தைக் குறிப்பது. 'ஜே' என்றால் மணிக்கு 100 கிலோமீட்டர், 'எல்' என்றால் 120, 'என்' எழுத்துக்குப் பின் வரும் 'பி' என்றால் 150.

80/100-18 அளவிலேயே 47 போட்ட டயரும் உண்டு, 54 போட்ட டயரும் உண்டு. முதலாவது முன் சக்கரத்துக்கானது, இரண்டாவது பின் சக்கரத்துக்கானது. அளவு ஒன்றே என்பதால் முன் டயரைப் பின்னால் மாட்டினாலும் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். விலையும் குறைவு. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வண்டி 112 கிலோ. ஓட்டுகிறவர் 70 கிலோ. பின்னால் வீட்டம்மா 60 கிலோ. பை 15 கிலோ. மொத்தம் 257 கிலோ. பின்னால் ஆள் உட்கார்ந்தால் பாரத்தின் பெரும்பகுதி பின் சக்கரத்தின் மேல்தான் விழும். ஏறத்தாழ 160 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். 47 எண் டயருக்கு எல்லையே 175 கிலோ. திரும்பி வரும்போது விலை மலிவாகக் கிடைத்தது என்று 25 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்றைக் கேரியரில் கட்டினால் 185 ஆகிவிடும். எல்லை தாண்டியாயிற்று. இதில் பள்ளத்தில் விழும்போது ஏறும் அதிர்ச்சியைச் சேர்க்கவில்லை. 54 எண் டயர் என்றால் அப்போதும் 27 கிலோ கையிருப்பு இருக்கும். நம் குடும்பத்தின் உயிர் நிற்பது அந்தக் கையிருப்பில்தான்.

டயர் தாங்கும் என்பதற்காக வண்டி தாங்கும் என்று நினைக்கக் கூடாது. வண்டி எவ்வளவு சுமக்கலாம் என்பதைக் கையேட்டில் தனியாகக் கொடுத்திருப்பார்கள். இரண்டு பேர் ஏறினாலே அந்த எல்லை பெரும்பாலும் நிரம்பிவிடும். நெடும்பயணத்தில் இரண்டு ஆளும் சிறு பையும் போதும். சிப்பத்தை லாரி சர்வீஸில் போட்டுவிடுவதே லாபம்.

தயாரித்த தேதி

பக்கவாட்டில் சிறு நீள்வட்டத்துக்குள் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 1425 என்று இருந்தால், 2025-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரத்தில், அதாவது ஏப்ரல் தொடக்கத்தில் தயாரானது என்று பொருள். முதல் இரண்டு இலக்கம் வாரம், கடைசி இரண்டு இலக்கம் ஆண்டு. இந்த எண்ணைப் படிக்கத் தெரிந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

ரப்பர் என்பது நாளாக ஆக இறுகும் பொருள். வெயிலும் காற்றும் பட்டால் இன்னும் வேகமாக இறுகும். ஓடாமல் கிடந்தாலும் வயது ஏறிக்கொண்டே போகும். இறுகிய ரப்பர் தரையைப் பிடிக்காது, மழையில் வழுக்கும், பக்கவாட்டில் மயிரிழை போல வெடிப்பு விடும். ஐந்து ஆண்டு ஆனபின் ஆண்டுக்கு ஒருமுறை தெரிந்தவரிடம் காட்டிப் பார்க்க வேண்டும், பத்து ஆண்டு ஆகிவிட்டால் பட்டன் தேயாமல் இருந்தாலும் கழற்றிவிட வேண்டும் என்று டயர் கம்பெனிகள் பல அறிவுரை சொல்கின்றன. பயணத்துக்கென்று புதிதாக வாங்கும்போது ஓர் ஆண்டுக்கு உட்பட்ட தேதியுள்ள டயரைக் கேட்டு வாங்குவதே சரி என்பது நம் கருத்து.

நம்மிடம் சரக்கு எடுக்கும் சில்லறை வியாபாரி ஒருவருக்கு நேர்ந்ததை இங்கே சொல்ல வேண்டும். உறவினர் வீட்டுத் திருமணத்துக்கு மனைவியோடு வண்டியில் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். துவரங்குறிச்சி தாண்டி நாலு வழிச் சாலையில், பிற்பகல் மூன்று மணிக்குப் பின் டயர் வெடித்தது. வண்டி இழுத்துக்கொண்டு போய்ச் சாலையோர மண்ணில் சாய்ந்தது. அவருக்குக் காலில் எலும்பு முறிவு. அந்த அம்மாவுக்கு மணிக்கட்டு விலகிவிட்டது. பின்னால் லாரி எதுவும் வராதது தெய்வாதீனம்.

நாம் பார்க்கப் போனபோது அவர் சொன்னது: "அண்ணாச்சி, டயர் புதுசு. போட்டு மூணு மாசம்தான் ஆச்சு. ரப்பர் முடிகூட இன்னும் போகலை."

மெக்கானிக் பட்டறையில் அந்த டயரைத் துடைத்துப் பார்த்தோம். ஓரத்தில் ரப்பர் முடி இருந்தது உண்மைதான். ஆனால் நாலு இலக்க எண்ணைப் படித்தால் தயாராகி ஆறு வருடம் ஆகியிருந்தது. வெயில் படும் இடத்தில் தொங்கவிட்டிருந்த பழைய ஸ்டாக்கை, கறுப்புப் பாலீஷ் அடித்து, கழிவு கொடுத்துத் தள்ளியிருக்கிறார்கள். சுமை எண்ணும் முன் சக்கரத்துக்குரிய 47. இவர் மிச்சம் பிடித்தது நானூறு ரூபாய்.

கடை ஒன்றரை மாதம் பூட்டிக் கிடந்தது. வெங்காயமும் உருளையும் கடைக்குள்ளேயே அழுகின. தெருவில் பாக்கி வைத்திருந்தவர்கள் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். பாதிப் பாக்கி நோட்டில் ஏறவில்லை, அவர் மனசில்தான் இருந்தது. கட்டிலில் படுத்துக்கொண்டு யாரிடம் போய்க் கேட்பது? ஆஸ்பத்திரிச் செலவைக் காட்டிலும் இந்த நஷ்டம் பெரிது. ஒற்றை ஆளை நம்பி நடக்கும் நம் கடைகளுக்கு அந்த ஆள் படுத்துவிட்டால் வேறு ஆள் கிடையாது. நம்மில் யாரும் இதை மறக்கக் கூடாது.

பழைய சரக்கை ஏற்றுக்கொள்ள வேண்டிய கட்டாயமும் நமக்கு இல்லை. டயர் எங்கோ வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும் பொருள் அல்ல. 1946-இல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய சிறு தொழிற்கூடம்தான் பின்னாளில் எம்.ஆர்.எஃப். என்று வளர்ந்தது. 1982-இல் தொடங்கிய டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா மதுரைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வேறு கம்பெனிகளின் தொழிற்சாலைகளும் உள்ளன. இவ்வளவு அருகில் உற்பத்தி இருக்கும்போது, "புதுத் தேதி இல்லை" என்று ஒரு கடை சொன்னால் அடுத்த கடைக்குப் போகலாம். அல்லது இரண்டு நாள் தவணை சொல்லி வரவழைத்துத் தரச் சொல்லலாம். எந்தக் கம்பெனி டயர் என்பது அவரவர் விருப்பம். தேதியும் எண்ணும் சரியாக இருக்க வேண்டும்.

டியூப் உள்ளதா, இல்லாததா?

டியூப் டயரில் ஆணி ஏறினால் காற்று சட்டென்று இறங்கிவிடும். டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறினாலும் அது குத்தியபடியே இருக்கும்; காற்று மெதுவாகத்தான் இறங்கும். வண்டியை ஓரங்கட்ட நேரம் கிடைக்கும். அந்த வகையில் நெடும்பயணத்துக்கு டியூப்லெஸ் மேல். ஆனால் அதற்கேற்ற ரிம் வேண்டும். கம்பி போட்ட சக்கரங்களுக்குப் பெரும்பாலும் டியூப் கட்டாயம். கம்பி முனை வழியாகக் காற்று கசியும். அலாய் வீலிலும் டியூப்லெஸ்ஸுக்கு உரியது என்று குறிப்பு இருந்தால்தான் போட வேண்டும். டியூப் போடும் வண்டியாக இருந்தால் புது டயரோடு புது டியூப்பும் சேர்த்து வாங்க வேண்டும். பழைய டியூப் நீண்டு தளர்ந்திருக்கும்; புது டயருக்குள் மடிந்து, மடிப்பில் உரசிக் கிழியும். இதில் மிச்சம் பார்க்கக் கூடாது.

பஞ்சர் சாமான்களைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். டியூப்லெஸ் என்றால் திரி சொருகும் கிட்டும் சின்னக் காற்றுப் பம்பும். டியூப் என்றால் மாற்று டியூப் ஒன்றும் டயர் கழற்றும் லீவரும். இரவில் நெடுஞ்சாலையில் பஞ்சர் கடை தேடி வண்டியைத் தள்ளிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

எந்தச் சாலைக்கு எந்தப் பட்டன்?

நம் பயணம் பெரும்பாலும் தார்ச் சாலையிலும் சிமெண்ட் சாலையிலும்தான். அதற்கு, தண்ணீரை வெளியேற்றும் வரிகள் உள்ள சாதாரணச் சாலை டயரே பொருத்தம். கட்டி கட்டியாகப் பெரிய பட்டன் வைத்த டயர் பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும். மண்ணிலும் சரளையிலும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் தார்ச் சாலையில் தரையில் படும் பரப்பு குறைவு. பிரேக் போட்டால் நிற்கும் தூரம் கூடும், ஈரத்தில் நழுவும், சத்தம் வரும், சீக்கிரம் தேயும்.

லடாக் வரை போக வேண்டும் என்று ஆசைப்படும் பிள்ளைகள் இப்போது பல வீடுகளில் இருக்கிறார்கள். மணாலியிலிருந்து லே போகும் பாதையில் சரளையும் உண்டு, சாலையைக் கடந்து ஓடும் நீரும் உண்டு. அதற்குத் தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான நடுத்தரப் பட்டன் டயர் ஏற்றது. முரட்டு டயரை இங்கேயே மாட்டிக்கொண்டு கிளம்பினால், வட இந்தியா போய்ச் சேருவதற்குள் தார்ச் சாலையிலேயே பாதி தேய்ந்துவிடும்.

மலைப் பாதைக்குப் போகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40. நேர்ச் சாலையிலேயே ஓடிய டயர் நடுவில் மட்டும் தேய்ந்து தட்டையாகியிருக்கும். ஓரத்தில் பட்டன் நன்றாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் வளைவில் சாயும்போது தட்டையான நடுப்பகுதியிலிருந்து ஓரத்துக்கு வண்டி சட்டென்று விழுவது போல இருக்கும். அப்படிப்பட்ட டயரோடு மலை ஏறக் கூடாது.

தேய்மானம் பார்ப்பது எளிது. பக்கவாட்டில் டி.டபிள்யூ.ஐ. என்ற ஆங்கில எழுத்துகளோ சிறு முக்கோணமோ இருக்கும். அதற்கு நேராக வரியின் பள்ளத்துக்குள் சிறு மேடு இருக்கும். பட்டன் அந்த மேட்டின் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் டயர் முடிந்தது என்று பொருள். பயணத்துக்குக் கிளம்பும் வண்டியில் அந்த மேட்டுக்கு மேல் தாராளமாகப் பட்டன் இருக்க வேண்டும். மொட்டை டயரில் புதிதாக வரி வெட்டி விற்பார்கள். பழைய டயரின் மேல் ரப்பர் ஒட்டித் தருவார்கள். இரு சக்கர வண்டியில் நெடும்பயணத்துக்கு இவை இரண்டும் வேண்டவே வேண்டாம்.

கிளம்பும் முதல் நாள் டயர் மாட்டாதீர்கள்

தீபாவளிச் சரக்கை முந்தின நாள் கொள்முதல் செய்பவர் உண்டா? டயரும் அப்படித்தான். புது டயரின் மேற்பரப்பு வழவழவென்று இருக்கும். சாலையில் ஓடி அந்த மினுக்கு தேய்ந்த பிறகுதான் முழுப் பிடிமானம் வரும். முதல் 150, 200 கிலோமீட்டர் வரை நிதானமாக ஓட்ட வேண்டும். சாய்த்துத் திருப்புவதும் திடீர் பிரேக்கும் கூடாது. ஆகவே பத்துப் பதினைந்து நாள் முன்னதாகவே மாட்டி, உள்ளூரில் ஓட்டிப் பழக்கிவிட வேண்டும். காற்று கசிகிறதா, சக்கரம் ஆடுகிறதா என்பதும் அதற்குள் தெரிந்துவிடும்.

மாட்டும்போது பக்கத்தில் நிற்பது நல்லது. டயரில் அம்புக்குறி இருந்தால் சக்கரம் முன்னோக்கி உருளும் திசையை அது காட்ட வேண்டும். மஞ்சள் புள்ளி இருந்தால் அது வால்வுக்கு நேராக வர வேண்டும். பின் சக்கரத்தைக் கழற்றி மாட்டியபின் செயின் இழுவை இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும்.

காற்று

எவ்வளவு நல்ல டயர் வாங்கினாலும் காற்று சரியில்லை என்றால் அத்தனையும் வீண். காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்கிறது. அந்த நசுங்கலில் சூடு பிறக்கிறது. பாரமும் வேகமும் வெயிலும் சேர்ந்தால் சூடு ஏறி ஏறி டயரின் உள்ளிழை விட்டுப் போகிறது. அக்கினி நட்சத்திரக் காலத்தில் டயர் வெடித்தால் "காற்று அதிகமாக இருந்தது" என்று பலரும் சொல்வார்கள். காற்றுக் குறைவாகப் பிடித்து ஓட்டுவதும் அதே அளவு ஆபத்து.

எத்தனை பி.எஸ்.ஐ. என்பது கையேட்டில் இருக்கும். பல வண்டிகளில் செயின் கவர் அருகே ஸ்டிக்கராகவும் ஒட்டியிருக்கும். தனியாக ஓட்டினால் ஓர் அளவு, பின்னால் ஆள் இருந்தால் பின் சக்கரத்துக்குக் கூடுதல் அளவு என்று தனித்தனியாகக் கொடுத்திருப்பார்கள். இந்த இரண்டாவது அளவைத்தான் நாம் கவனிப்பதில்லை. காலையில் வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றுப் பிடிக்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் அளவு கொஞ்சம் கூடுதலாகக் காட்டுவது இயல்பு. 10 டிகிரி சூடு ஏறினால் ஏறத்தாழ ஒன்றரை பி.எஸ்.ஐ. கூடும். அதைப் பார்த்துப் பயந்து வழியில் காற்றை இறக்கிவிடக் கூடாது. குளிர்ந்ததும் காற்று குறைவாகிப் போகும்.

கூடுமானால் சொந்தமாக ஒரு கேஜ் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. நம் தராசை முத்திரை போட்டு வைத்திருக்கிறோம். டயர் காற்றை மட்டும் ஏன் கையால் அமுக்கிப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும்?

பில்லும் முத்திரையும்

டயருக்குத் தரக் கட்டுப்பாட்டு ஆணை 2009-இல் வந்தது. அதன்படி ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். இரு சக்கர, மூன்று சக்கர வண்டி டயருக்குரிய தர எண் ஐ.எஸ். 15627. பெயர் தெரியாத டயரை மலிவாகக் கொடுத்தால் முதலில் இந்த முத்திரையைத் தேடுங்கள்.

டயருக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதமாக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பில் இல்லாமல் வாங்கினால் வரி மிச்சம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். தயாரிப்புக் குறை இருந்தால் கம்பெனியிடம் மாற்றித் தரக் கேட்பதற்கு அந்தப் பில்தான் ஆதாரம். பில்லில் டயரின் வரிசை எண்ணையும் எழுதி வாங்குங்கள். "பில் வேண்டாமா?" என்று கேட்கும் வாடிக்கையாளரிடம் நாம் என்ன சொல்வோமோ, அதையே நமக்கும் சொல்லிக்கொள்வோம்.

கடைப் பையன் வண்டி

கடைசியாக ஒரு விஷயம். நாம் ஊர் சுற்றுவது வருடத்தில் இரண்டு நாள். நம்மிடம் வேலை பார்க்கும் பையன் ஆர்டர் எடுக்கவும் வசூலுக்கும் சுற்று வட்டாரக் கிராமங்களுக்கு நாள்தோறும் ஓடுகிறான். அவனுக்கு ஒவ்வொரு நாளும் நெடும்பயணம்தான். பெட்ரோலுக்குக் காசு கொடுக்கிறோம்; டயரைக் குனிந்து பார்த்திருக்கிறோமா? வேலை நிமித்தம் போகும்போது தொழிலாளிக்கு விபத்து நேர்ந்தால் முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் கிடக்கட்டும். அவனை நம்பி ஒரு வீடு இருக்கிறது. சனிக்கிழமை சம்பளம் கொடுக்கும்போது அவன் வண்டியின் இரண்டு டயரையும் ஒரு நிமிடம் பார்த்துவிட்டுக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

சுருக்கமாக

1. கையேட்டில் உள்ள அளவையே வாங்க வேண்டும்.
2. பின் சக்கரத்துக்குரிய சுமை எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.
3. நாலு இலக்கத் தேதி ஓர் ஆண்டுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும்.
4. பக்கவாட்டில் வெடிப்பு, வீக்கம் இருந்தால் அந்த டயர் வேண்டாம்.
5. டியூப் வண்டியானால் புது டியூப்பும் சேர்த்து வாங்க வேண்டும்.
6. தார்ச் சாலைக்குச் சாலை டயர் போதும்.
7. பயணத்துக்குப் பத்து நாள் முன்பே மாட்டிப் பழக்க வேண்டும்.
8. ஆள் ஏறினால் அதற்குரிய காற்று. அதுவும் காலையில், குளிர்ந்த டயரில்.
9. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் பில்லும் தவறக் கூடாது.
10. பஞ்சர் சாமான், கேஜ், பம்பு மூன்றும் பையில் இருக்க வேண்டும்.

இந்தப் பத்தையும் பார்ப்பதற்கு அரை மணி நேரம் ஆகும். நல்ல டயருக்கும் மட்டமான டயருக்கும் உள்ள விலை வித்தியாசம் சில நூறு ரூபாய். அதை ஒரு நாள் வியாபாரத்தில் ஈட்டிவிடலாம். கழிவு பார்த்து வாங்க வேண்டிய பொருள்கள் நம் கடையில் ஆயிரம் இருக்கின்றன. டயர் அந்தப் பட்டியலில் வேண்டாம். மாநாட்டுக்குப் புறப்படும் இளைஞர்கள் தலைக்கவசம் அணிந்து, பகல் வெளிச்சத்தில், நிதானமாக வந்து சேர வேண்டும். மே 6-ஆம் நாள் காலையில் நம் எல்லாக் கடைகளும் வழக்கம்போலத் திறந்திருக்க வேண்டும்.